காதுக்குப் பின்னால் ஒரு தார்ப்பொட்டு

எனோஸ் பிக்ஸ்பியின் சவரக் கடையில் இப்போது யாரும் பேசுவதில்லை. கன்னத்தில் கத்தி ஓடும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது இயல்புதான். எங்கள் ஊரான லாங் நெக்கிலோ, தன் முறைக்காகச் சுவரோரம் காத்திருக்கிறவன்கூட வாயைத் திறப்பதில்லை. நான் கல்லூரிக்குப் போகும்வரை ஊரிலேயே அதிகச் சத்தம் அந்தக் கடையில்தான். எந்தக் கப்பல் எப்போது கிளம்பும், எவன் எவனோடு பேச்சை நிறுத்தினான், போதகர் பிரசங்கத்தில் யாரைக் குத்தினார், எல்லாம் அங்கேதான் அலசப்படும்.

என் அப்பா காட் மீன் பிடிக்கிறவர். எங்கள் குடும்பத்தில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் கேம்பிரிட்ஜ் கல்லூரிக்குள் கால் வைத்தவன் நான் ஒருவன்தான். சுதந்திரம் என்றால் என்ன என்று லத்தீனில் வாதாடுவதற்கு அங்கே கற்றுக்கொடுத்தார்கள். அந்த வாதங்களை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த காலத்தில்தான் எனோஸுக்கு ஊரில் அது நடந்தது. திரும்பி வந்த பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன். சொன்ன ஒவ்வொருவருக்கும் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு வைத்துப் பார்த்து, பொருந்தியதை மட்டும் எழுதுகிறேன். பொருந்தியது என்பதாலேயே அது உண்மையாகிவிடுமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எனோஸ் எங்கள் ஊரில் பிறந்தவர் அல்ல. கடலைவிட்டுத் தள்ளி உட்பகுதியில் இருக்கும் ஏதோ ஊரிலிருந்து ஒரு தோல் பையில் கத்திகளோடு வந்தவர். அவர் வந்த மாதமே ஊர்க் காவலர் கதவைத் தட்டி, ஊரை விட்டுப் போகும்படி சொல்லிவிட்டுப் போனார். கையில் ஒன்றுமில்லாமல் வருகிற எல்லோரிடமும் அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம். நாளைக்கு அவன் நொடித்துப்போனால் ஊர்ப் பணத்தில் சோறு போட வேண்டாம் அல்லவா, அதற்காக. யாரும் உண்மையில் துரத்துவதில்லை. வந்தவனும் கேட்டுக்கொண்டு இருந்துவிடுவான். எனோஸும் இருந்துவிட்டார். ஆனால் அதை அவர் மறக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குச் சபைக்கூடத்தில் யார் எங்கே உட்காருவது என்று ஊர் முடிவு செய்தபோது, அவருக்குக் கிடைத்தது மாடிப்படிக்கு அருகே கடைசிப் பலகை. என்றாவது ஒரு நாள் ஊர்க்காரர்களோடு முன்னால் உட்கார வேண்டும் என்பதுதான் அந்த மனிதர் எங்களிடம் எதிர்பார்த்த ஒரே விஷயம்.

எங்கள் கப்பல்கள் கருவாட்டை ஏற்றிக்கொண்டு தெற்கே தீவுகளுக்குப் போகும். கரும்புப்பாகோடு திரும்பும். பாகு ரம் ஆகும். அதற்கு ஒரு சுங்கவரி முன்பே இருந்தது. அதைக் கட்டியவர் யாரும் என் அப்பாவுக்கு நினைவில்லை. பழைய சுங்க அதிகாரி பாதிப் பீப்பாய்களைக் கணக்கில் எழுதிக்கொண்டு, தனக்கு ஒன்றை வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போவார். எல்லோருக்கும் அதில் திருப்தி. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் முடிந்த பிறகுதான் எங்களை ஆளும் லண்டனுக்குப் போர்க் கடன் ஞாபகம் வந்தது. வரியைக் குறைத்தார்கள், ஆனால் உண்மையாகவே வசூலிக்கப்போவதாகச் சொன்னார்கள். பிறகு பத்திரத்துக்கும் செய்தித்தாளுக்கும் முத்திரை வரி வந்தது, ஊர் கொதித்ததும் அந்த வரி போனது. பிறகு கண்ணாடிக்கும் வண்ணப்பூச்சுக்கும் தேயிலைக்கும் வந்தது. நம்மைக் கேட்காமல் நம்மிடம் எடுக்கிறார்கள் என்று எல்லோரும் கத்தினார்கள்.

ஆனால் எங்கள் ஊரைக் கெடுத்தது வரி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிபட்ட சரக்கில் துப்புக் கொடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, அவன் பெயர் வெளியே வராது என்று ஒரு விதி இருந்தது. அந்த விதிதான் கெடுத்தது. வரி கேட்கிறவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். துப்புக் கொடுக்கிறவன் பக்கத்து வீட்டில் இருக்கலாம்.

'மெர்சி' என்ற கப்பல் ஒரு வெள்ளிக்கிழமை தெற்குத் தீவுகளிலிருந்து திரும்பியது. துறைமுகத்துக்கு வராமல், ஊருக்கு எதிரே இருக்கும் பாறைத்தீவின் பின்னால் நங்கூரம் போட்டது. பாதிப் பீப்பாய்களை அங்கேயே இறக்கிவிட்டுப் பிறகு நல்ல பிள்ளையாகத் துறைமுகத்துக்குள் நுழைவதாகத் திட்டம். கப்பலின் சொந்தக்காரர், எங்கள் சபையில் மூப்பர் பதவியில் இருந்த டீக்கன் ட்ரஸ்க். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். திங்கட்கிழமை காலை அரசரின் படகு நேராகப் பாறைத்தீவின் பின்னால் போய் நின்றது. கப்பலும் போயிற்று, பாகும் போயிற்று.

யார் சொன்னது?

ஊரில் ஒரே ஒரு சுங்கக் காவலர் தங்கியிருந்தார். கிரிம்ஷா என்று பெயர். அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனோஸிடம் சவரம் செய்துகொள்வார். வேறு யாரிடம் போவார்? ஊரில் இருந்தது ஒரே சவரக் கடை; பல் பிடுங்குவதும் அங்கேதான். ஆனால் அன்றைக்கு அப்படி யோசிக்க யாருக்கும் மனமில்லை. செவ்வாய்க்கிழமை டீக்கன் ட்ரஸ்க் கடைக்குள் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"யோவ் எனோஸ், சனிக்கிழமை அந்த ஆளுக்கு மழிச்சியா?"

"வழக்கமா மழிக்கிறதுதானே, டீக்கன்."

"என்ன பேசினீங்க?"

"அவருக்குப் பல்வலி. கிராம்பு வைக்கலாமா, பிடுங்கிடலாமான்னு கேட்டாரு."

"பல்வலிக்காரன் பாறைத்தீவுக்கு எதுக்குப் போனான்? அங்க என்ன கிராம்பா முளைக்குது?"

சுவரோரம் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனோஸும் சிரித்தார். தான் சிரித்தது தப்பாகிவிட்டது என்று அவரே என்னிடம் சொன்னார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

"நல்லா சிரி," என்றார் ட்ரஸ்க். "மூணுல ஒரு பங்கு வந்தா நானும்தான் சிரிப்பேன்."

"டீக்கன், உங்க கப்பல் அங்க நிக்குதுன்னு எனக்கே ஞாயித்துக்கிழமைதான் தெரியும். எனக்கு யாரு எதைச் சொல்றாங்க?"

"ஓ, ஞாயித்துக்கிழமையே தெரியுமா!"

மறுநாள் காலை எனோஸின் கதவிடுக்கில் ஒரு வாத்து இறகு செருகியிருந்தது. அதற்கு அடுத்த நாள் தாழ்ப்பாளில் தார் பூசியிருந்தது. எங்கள் கடற்கரையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. துப்புக் கொடுத்தவனை என்ன செய்வார்கள் என்று பக்கத்து ஊர்களில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். உடம்பில் சூடான தாரை ஊற்றி, தலையணையைக் கிழித்து இறகைக் கொட்டி, வண்டியில் ஏற்றி, ஊர் எல்லையில் தள்ளிவிடுவார்கள். எனோஸுக்குத் தாரைவிட எல்லைதான் பயம். ஒரு தடவை போகச் சொன்ன ஊர் இரண்டாம் தடவை உண்மையாகவே அனுப்பிவிட்டால்?

அவர் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து யோசித்தார். கிரிம்ஷா சனிக்கிழமை பல்வலியைத் தவிர எதுவும் பேசவில்லை. சனிக்கிழமை தெரியாதது திங்கட்கிழமை தெரிந்திருக்கிறது. நடுவில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று கிரிம்ஷா எங்கே இருந்தார்? சபைக்கூடத்தில். அவருடைய சபைப் பிரிவுக்கு ஊரில் கோயில் இல்லாததால் எங்கள் கூடத்துக்கே வந்து, கடைசிக்கு முந்தைய பலகையில் உட்கார்ந்து தூங்குவார். எனோஸின் நேர் முன்னால்.

அந்தப் பிடரியை எனோஸ் மறுபடி நினைத்துப் பார்த்தார். அவர் தொழிலில் பிடரிதான் அதிகம் கண்ணில் படும். பிரசங்கம் தொடங்குவதற்கு முன்பே தொங்கிப்போன பிடரி அது. அன்று ஒரு இடத்தில் நிமிர்ந்தது. பொய்முடி ஒரு பக்கம் சரிய, வெடுக்கென்று நிமிர்ந்தது. எப்போது?

போதகர் நன்றிகளை வாசித்தபோது.

கடலுக்குப் போகிறவன் பத்திரமாகப் போய் வர வேண்டும் என்று அவன் வீட்டுப் பெண் போதகரிடம் சொல்லுவாள், அவர் சபையில் சொல்லி ஜெபிப்பார். அவன் திரும்பினால் அதே போல நன்றி. எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி அது. அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் சொன்னார்: "கணவர் கடல் பயணம் முடிந்து பத்திரமாகத் திரும்பியதற்காகச் சகோதரி கெசையா ஹாலட் கர்த்தருக்கு நன்றி செலுத்துகிறார்." கெசையாவின் கணவர் ஏசா, 'மெர்சி'யின் துணைக் கேப்டன். அவர் வந்துவிட்டார், கப்பல் துறைமுகத்தில் இல்லை என்றால், அது நிற்கக்கூடிய இடம் பாறைத்தீவின் பின்புறம்தான். கப்பல் இன்னும் வரவில்லை என்று ஊரே நடித்துக்கொண்டிருந்தது. அந்த ஊர் முழுவதும் அதைக் கேட்டுத் தலை குனிந்து 'ஆமென்' சொன்னது. கடவுளிடம் சொன்னது மனிதன் காதிலும் விழும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போதகருக்குக்கூட.

எனோஸ் கெசையாவின் வீட்டுக்குப் போனார். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டதும் கையை மாவிலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றாள்.

"நான் யாருக்கும் சொல்லலையே, மிஸ்டர் பிக்ஸ்பி. நன்றிதான சொன்னேன்."

"தெரியும்மா."

"போன தடவை அவரு வந்தப்ப சொல்ல மறந்துட்டேன். அந்தக் குளிர்காலமே சின்னப் பொண்ணு போயிட்டா. இந்தத் தடவையும் எப்படிச் சொல்லாம இருப்பேன்?"

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லல. என்ன நடந்துதுன்னு டீக்கன்கிட்ட சொன்னாப் போதும்."

அவள் கதவைப் பார்த்தாள். "சொன்னா, ஏசாவை எந்தக் கப்பல்ல ஏத்துவாங்க? பொண்டாட்டி வாயாலதான் கப்பல் போச்சுன்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்களே."

"என்னை என்ன செய்வாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

அவள் மறுபடி மாவைப் பிசையத் தொடங்கினாள். எனோஸ் போதகரிடமும் போனார். போதகர் கனிவாகவே பேசினார். ஆனால், "சபையில நன்றி சொன்னதுதான் குத்தம்னு நானே சபையில சொல்லணுமா, எனோஸ்?" என்று கேட்டுவிட்டு, ஜெபிப்போம் என்றார். எனோஸ் ஜெபித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் வண்டி வந்தது. நல்ல வெயில். பெண்கள் சன்னல்களில். ட்ரஸ்க் கூட்டத்தின் ஓரத்தில், தனக்குச் சம்பந்தமில்லாதவர் போல நின்றார். எனோஸ் தன் கடை வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். பிடரி நிமிர்ந்ததையும் சொன்னார். கூட்டத்தில் எவனோ ஒருவன் கத்தினான்:

"கர்த்தரே துப்புக் கொடுத்தாருன்னு சொல்றான்டா!"

"நீங்க எல்லாரும் அங்கதான இருந்தீங்க? கேட்டீங்கதானே?" என்றார் எனோஸ். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. கெசையாம்மா, நீங்க சொல்லுங்க."

சன்னலில் நின்ற கெசையா, "எனக்கு ஞாபகம் இல்லை," என்றாள். அதற்குள் மற்றவர்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படியொரு நன்றி அன்று சொல்லப்பட்டதாக லாங் நெக்கில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. சொல்லப்பட்டது என்றால், கேட்டும் சும்மா இருந்த அத்தனை பேரும் சேர்ந்துதான் கப்பலைக் கொடுத்தார்கள் என்று ஆகும். அதைவிட ஒரு சவரக்காரன் கொடுத்தான் என்பது நம்ப எளிதாக இருந்தது.

தார் ஊற்றினார்கள். எல்லையில், கல்லுக்கு அந்தப் பக்கம் தள்ளினார்கள். யாரும் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. அவர் எழுந்து, இறகுகளோடு, அதே பாதையில் திரும்பி நடந்து வந்தார். வண்டியில் திரும்பியவர்களுக்குப் பின்னாலேயே வந்தார். யாரும் மறுபடி தள்ளவில்லை. ஒரே நாளில் இரண்டு தடவை அதைச் செய்ய அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம்.

பன்றிக் கொழுப்பைத் தேய்த்துத் தேய்த்துத் தாரை எடுத்தார். தோலும் சேர்ந்து வந்தது. ஒரு புருவம் திரும்ப முளைக்கவே இல்லை. கடையைத் திறந்தார். கொஞ்ச நாள் கழித்து, தாடி அரிக்கத் தொடங்கியதும், ஒவ்வொருவராக வந்தார்கள். பேசாமல் உட்கார்ந்து, பேசாமல் போனார்கள். கிரிம்ஷா வேறு துறைமுகத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போகுமுன் எனோஸிடமே அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு; அது கட்டுக்கதையாக இருக்கலாம்.

வருடங்கள் போயின. பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அரசர் அந்தத் துறைமுகத்தையே மூடினார். தேயிலையை யாரும் வாங்கக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஊர் ஊராகக் குழு போட்டார்கள். எங்கள் ஊரிலும் போட்டார்கள், ட்ரஸ்க் தலைமையில். ஆனால் அடுத்தவர் சமையலறைக்குள் போய்ப் பானையை முகர்ந்து பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. எல்லோரும் எல்லோருக்கும் மாமனோ மச்சானோ. எனோஸ் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார். அங்கே அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

"எனக்கு இந்த ஊர்ல மாமன் மச்சான் யாரும் இல்ல. நான் போறேன்."

ட்ரஸ்க் சிரித்தார். "அதுவும் சரிதான். மோப்பம் பிடிக்கிறதுல உனக்குப் பழக்கம் உண்டே."

அப்படித்தான் எனோஸ் பிக்ஸ்பி எங்கள் ஊரின் மிகக் கடுமையான தேசபக்தர் ஆனார். அரசரை அவர் திட்டுகிற மாதிரி யாரும் திட்டியதில்லை. எனக்கு இது புரியவேயில்லை. அவரைத் தாரில் குளிப்பாட்டியது அரசர் அல்ல. கல்லூரி முடித்துத் திரும்பியிருந்த நான், சவரம் செய்துகொள்ளும்போது அந்த மௌனத்தை மீறிக் கேட்டேன். அவர் கத்தியைத் தோல்பட்டையில் தீட்டிக்கொண்டே சொன்னார்:

"ஊரை வெறுத்தா எங்க போய் இருக்கிறது தம்பி? ராஜாவை வெறுக்கிறது சுலபம். அவரு தூரத்துல இருக்காரு."

அதற்குப் பிறகு நான் படித்த வாதங்களை எல்லாம் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற மார்ச் மாதம் கெசையா ஹாலட் வீட்டில் தேயிலை வாசனை வருகிறது என்று குழுவுக்குப் புகார் வந்தது. எனோஸ் இரண்டு ஆட்களோடு போனார். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே போனார். உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னது கெசையா. அவர் நேராக மாவுப் பெட்டியைத் திறந்து கையை விட்டார். தகர டப்பா கையில் பட்டது.

"இது இல்லாட்டி தலை வெடிக்கிற மாதிரி இருக்கு," என்றாள் அவள். "அன்னைக்கு நான் வாயைத் திறக்கல. இன்னைக்கு நீங்க சொல்லாதீங்கன்னு கேக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? கூப்பிடுங்க அவங்களை."

எனோஸ் டப்பாவைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டுக் கையில் ஒட்டிய மாவைத் தட்டினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சபையில சொல்லுங்க. என்ன நடந்துதோ அதை மட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"சொன்னா நம்பிடுவாங்களா?"

"அது அவங்க பாடு. நான் கேட்டாப் போதும்."

வெளியே வந்து ஒன்றும் இல்லை என்றார். வாசலில் நின்ற இருவரில் ஒருவன், "ஒண்ணும் இல்லாததுக்கா இவ்வளவு நேரம்? கையில மாவு வேற," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கெசையா நடுப்பாதையில் எழுந்து நின்றாள். பாவ அறிக்கை செய்கிறவர்கள் நிற்கிற இடம் அது. 'மெர்சி' பிடிபட்டது தன் நன்றியால்தான் என்றும், எனோஸ் பிக்ஸ்பி குற்றமற்றவர் என்றும், தனக்கு அன்றே ஞாபகம் இருந்தது என்றும் சொன்னாள். எல்லோரும் தலை குனிந்தார்கள், எப்போதும் போல. 'ஆமென்' சொன்னார்கள். எனோஸ் மாடிப்படிக்கு அருகே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அந்த நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தவன் நான். அது போதும் என்றுதான் அவரும் நினைத்தார் என்று நம்புகிறேன்.

மதிய இடைவேளையில் வெளியே நின்று ரொட்டி தின்றவர்கள் பேசிக்கொண்டது இது:

"தேயிலை கிடைச்சிருக்கும்டா. அதை மறைக்கிறேன்னு சொல்லி இவளை இப்படிப் பேச வெச்சிருக்கான்."

"அதான் மாவு!"

"கையில பிடிச்சு வெச்சு மிரட்டி வாங்கின சாட்சி. இதை எப்படி நம்புறது?"

அவர்கள் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கொடுமை. உண்மை வெளியே வந்திருந்தது, ஆனால் அது வந்த வழி அப்படி இருந்தது. மறுநாள் காலை எனோஸின் கதவிடுக்கில் மறுபடியும் ஓர் இறகு. அவர் அதை எடுத்து, கத்தியைத் துடைக்கும் துணியோடு வைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் சபைக்கூடத்து மணி அடித்தது. அரசரின் படை உட்பகுதி ஊர்களுக்குள் வந்து நம் ஆட்களைச் சுட்டுவிட்டதாகக் குதிரைக்காரன் சொல்லிவிட்டுப் போனான். சபைக்கூடத்தின் முன்னால் துப்பாக்கிகளோடு வரிசை கட்டினோம். எனோஸ் வழக்கம் போலப் போய்க் கடைசியில் நின்றார். ட்ரஸ்கின் மகன் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால், கையில் குண்டு போட்ட துப்பாக்கியோடு எனோஸ்.

"நீ முன்னால போ, எனோஸ்," என்றான்.

"எனக்குப் பின்னால நின்னுதான் பழக்கம்."

"பரவாயில்ல. முன்னால போ. நாங்க பார்க்கிற மாதிரி நட."

யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனோஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வரிசை நெடுக நடந்து, முதல் ஆளாகப் போய் நின்றார். அப்படியே கிளம்பினோம். லாங் நெக்கிலிருந்து சுதந்திரத்துக்காக முதலில் நடந்தவர் எனோஸ் பிக்ஸ்பி என்று இப்போதே பெருமையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். சபைக்கூடத்தில் அவருக்கு முன்பலகை ஒதுக்க வேண்டும் என்று ட்ரஸ்கே சொல்கிறார் என்று கேள்வி. எல்லைக் கல்லைத் தாண்டும்போது எனோஸ் நிற்கவுமில்லை, அதைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

நான் அவருக்கு அடுத்த ஆளாக, அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. முதலில் மச்சம் என்று நினைத்தேன். தார். ஊரில் இருந்த ஒரே சவரக்காரருக்கு, அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லவோ சுரண்டி எடுக்கவோ இத்தனை வருடமாக யாருமே இருக்கவில்லை.